குட்டி யாருடையது?

கடலூர்ப் பக்கம் உறவு முறை உள்ளவர்களானால், நீங்கள் ஒரு தடவையாவது திருவந்திபுரம் போகாமல் இருந்திருக்க மாட்டீர்கள். கடலூரிலிருந்து மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர். கெடிலம் ஆறு அந்த இடத்தில் வடக்குப் பார்த்துத் திரும்பி ஓடுகிறது. முகூர்த்த நாளானால் தேவநாத சுவாமி சந்நிதிக்கும் எதிரே உள்ள ஔஷதகிரிக்கும் நடுவில் மாலையும் கழுத்துமாக ஜோடி ஜோடியாக வந்து கொண்டே இருப்பார்கள். எந்த மேளம் எந்தக் கல்யாணத்துக்கு என்று கண்டு பிடிப்பதே கஷ்டம். குன்றின் மேலே ஹயக்ரீவர். பரீட்சை நெருங்கிவிட்டால் பட்டணத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு படியேறுவார்கள்.

இன்று நாம் பேசப் போவது கல்யாணத்தைப் பற்றியும் அல்ல, பரீட்சையைப் பற்றியும் அல்ல. சாப்பாட்டை முடித்துக் கொண்டு காரில் திரும்பும்போது, சாலையோரத்தில் வேலிக்கருவேலங் காய்களைப் பொறுக்கித் தின்று கொண்டு நிற்குமே, அந்த ஆடுகளைப் பற்றி. அவற்றுக்குப் பின்னால் கையில் ஒரு குச்சியுடன் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண்ணோ பையனோ நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். காரை நிறுத்தி, "இது யாரு குட்டிம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "என் குட்டி" என்று உடனே பதில் வரும். பக்கத்தில் நிற்கும் தாயாரும் சிரித்துக் கொண்டு, "ஆமாம், அது பாப்பாவோட குட்டி, நாங்க கிட்டப் போனாக்கூட வராது" என்பாள்.

அந்த 'என்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். நாலைந்து மாதம் கழித்து வியாபாரி வந்து திண்ணையில் உட்காரும்போது அந்தச் சொல் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

கிராமத்து வீட்டில் ஆடு என்பது பால் கொடுக்கும் பிராணி மட்டுமல்ல. அது வீட்டின் சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைக்கும் பணத்துக்கு நாலு கால் முளைத்தால் எப்படியோ அப்படி. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குட்டிகள். பிறந்த குட்டி இரண்டு கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும். தழையும் தண்ணீரும் ஒழுங்காகக் கிடைத்தால் ஒரு வருஷத்தில் இருபது கிலோவை எட்டிப் பிடிக்கும். சொந்தமாக ஆடு வாங்க வசதியில்லாத வீடுகளில் 'வாரத்துக்கு' வளர்ப்பார்கள். வசதியுள்ள ஒருவர் பெட்டை ஆட்டைக் கொடுப்பார்; போடும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. எந்தச் சட்டப் புத்தகத்தையும் பார்க்காமல் ஏற்பட்ட கூட்டு வியாபாரம் இது.

இதில் பிள்ளைகளின் பங்கு கொஞ்சமல்ல. காலையில் அவிழ்த்து விடுவது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அகத்தியும் வேப்பந்தழையும் ஒடித்துப் போடுவது, கடலைக்கொடியைக் கூரையடியில் சேர்த்து வைப்பது, தாயை இழந்த குட்டிக்குப் புட்டியில் பால் புகட்டுவது எல்லாம் அவர்கள்தான். மழைக்காலம் வந்தால் துள்ளுமாரி நோய் பயம். நேற்று மாலை குதித்துக் கொண்டிருந்த குட்டி இன்று காலையில் விறைத்துக் கிடக்கும். ஆட்டுக்கொல்லி என்று பேரிலேயே எமனை வைத்துக் கொண்டிருக்கும் வியாதி ஒன்று. அதற்குத் தடுப்பூசி உண்டு என்பது ஆறுதல். கடலூர்க்காரர்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல். 2015-ல் ஐப்பசி, கார்த்திகை வெள்ளம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வரும்போது ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக் கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடும் பிள்ளையிடம் போய், "அது வெறும் ஆடுதானே" என்று சொல்லிப் பாருங்களேன்!

சரி, குட்டி வளர்ந்துவிட்டது. கடலூர் மாவட்டத்தில் வேப்பூரில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்திய வாரங்களில் விடியற்காலையிலேயே கால் வைக்க இடமிருக்காது. வியாபாரி ஆட்டின் முதுகையும் இடுப்பையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். முன்னங்காலுக்குப் பின்னே கையைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்குவார். "எட்டு கிலோ தேறும்" என்பார். அவ்வளவுதான், விலை பேச்சு அங்கேயிருந்து ஆரம்பம். தராசு கிடையாது. உயிர் எடையில் ஏறக்குறையப் பாதி, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகக் கறி நிற்கும் என்பது கணக்கு. இருபது கிலோ ஆட்டில் ஒன்பது கிலோவுக்குக் குறையாது என்று தெரிந்தவர் ஒரு விலை வாங்குவார், தெரியாதவர் வேறு விலை வாங்குவார். அந்த ஒரு கிலோவின் மதிப்பு என்னவென்று ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. (சைவ வீட்டுச் சகோதரிகள் புருவத்தைச் சுருக்குவது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள். கதை உங்கள் பக்கமும் திரும்பும்.)

விலை படிந்துவிட்டால் ஆட்டை மட்டும்தான் கொடுப்பார்கள். கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தம் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். பட்டியின் பாக்கியம் கயிற்றோடு போய்விடக்கூடாது என்பது நம்பிக்கை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் மிச்சமிருப்பது அந்தக் கயிறு. "எங்கே என் குட்டி?" என்று கேட்டால், "உன் நோட்டுப் புத்தகத்துக்குத்தாண்டா கொடுத்தோம்" என்று சமாதானம் சொல்வார்கள். பல சமயம் அது உண்மையாகவே இருக்கும். சில சமயம் சீட்டுப் பணத்துக்கும், அக்காளின் வளைகாப்புக்கும் போயிருக்கும். பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முடை என்று வந்தால் எந்த வீட்டில்தான் குழந்தையின் உண்டியல் தப்பியது? ஆனாலும் விற்பதற்கு முன் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

* * *

கடல் கடந்த தேசம் ஒன்றில் இதையே ஒரு சங்கமாக நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஏ. பி. கிரஹாம் என்று ஒரு பள்ளிக்கூடக் கண்காணிப்பாளர் இருந்தார். 1902 ஜனவரி 15-ஆம் தேதி பண்ணை வீட்டுப் பையன்களையும் பெண்களையும் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். சோளம் விதைப்பது, மண்ணைப் பரிசோதிப்பது என்று சின்னச் சின்ன வேலைகள். பெரியவர்கள் புது விதையை நம்ப மறுத்தார்கள். பிள்ளைகள் கொல்லையில் விளைத்துக் காட்டியதும் நம்பினார்கள். 1910-ல் தென் கரோலினாவில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். தக்காளி பயிரிட்டு, டப்பாவில் அடைத்து, விற்க வேண்டும். லாபம் அந்தப் பெண்ணுடையது. கையில் சொந்தமாக ஒரு காசு பார்த்தறியாத பெண்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சிறுவாடு சேர்க்கும் நீங்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இப்படிப் பல ஊர்களில் முளைத்த சங்கங்களெல்லாம் ஒன்று சேர்ந்து 'ஃபோர் ஹெச்' என்று பெயர் பெற்றன. தலை, இதயம், கை, ஆரோக்கியம் நான்குக்கும் இங்கிலீஷில் முதலெழுத்து 'ஹெச்'. நாலு இலைத் தழை ஒன்றுதான் சின்னம்; ஒவ்வோர் இலையிலும் ஒரு 'ஹெச்'. இன்று ஏறக்குறைய 60 லட்சம் பிள்ளைகள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் இதன் சாயலில் 1921-ல் டெவன் மாவட்டத்து ஹெமியாக் என்ற ஊரில் இளம் விவசாயிகள் சங்கம் முதன்முதலாக ஏற்பட்டது. பால் கம்பெனி ஒன்று தனக்குப் பால் ஊற்றும் குடியானவர்களின் பிள்ளைகளைக் கன்று வளர்க்கச் சொன்னது. சங்கம் அதிலிருந்து பிறந்தது.

ஃபோர் ஹெச் பிள்ளை எப்படி ஆடு வளர்க்கிறது என்று பாருங்கள். முதலில் குட்டியை வாங்க வேண்டும். இனாமாக வந்தாலும் அதன் விலையை எழுத வேண்டும். ஒரு கணக்குப் புத்தகம். வாங்கிய அன்று எடை, தீவனம் எத்தனை கிலோ, என்ன விலை, மருந்து என்ன, எந்தத் தேதியில் கொடுத்தது, மாதா மாதம் எடை எத்தனை கூடிற்று, ஒரு கிலோ கூட எவ்வளவு செலவாயிற்று, எல்லாம் அதில் ஏற வேண்டும். (தாயார் கழுநீர் வைத்ததற்கும் தகப்பனார் கொட்டகை போட்டதற்கும் அந்தப் புத்தகத்தில் இடம் உண்டா என்று கேட்காதீர்கள். எந்த நாட்டுக் கணக்கிலும் அதற்குப் பத்தி கிடையாது போலிருக்கிறது.) ஆட்டைக் கயிற்றில் நடக்கப் பழக்க வேண்டும், குளிப்பாட்டி, மயிரைக் கத்தரித்து, குளம்பைச் சீவ வேண்டும். கோடையில் மாவட்டப் பொருட்காட்சி வரும். வட்டமான களத்தில் பிள்ளைகள் தங்கள் ஆட்டைப் பிடித்துக் கொண்டு நிற்பார்கள். நடுவர் ஒருவர் சுற்றி வந்து ஆட்டின் முதுகையும் தொடையையும் தடவிப் பார்ப்பார். வேப்பூர் வியாபாரி செய்வதையேதான் இவரும் செய்கிறார். ஆனால் இவர் ஏன் இந்த ஆடு முதல், ஏன் அது இரண்டாவது என்று பிள்ளைகள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும்.

அதிலே எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று. ஆட்டுக்கு ஒரு பரிசு என்றால், அதைப் பிடித்து நடத்தும் பிள்ளைக்குத் தனிப் பரிசு. நோஞ்சான் ஆட்டைக் கொண்டு வந்த பிள்ளைகூட அதை நன்றாகப் பழக்கியிருந்தால் ரிப்பனுடன் வீடு திரும்பலாம். பல இடங்களில் ஒருவரை ஒருவரோடு ஒப்பிடுவதும் இல்லை. இன்ன தரத்துக்கு நீல ரிப்பன், இன்ன தரத்துக்குச் சிவப்பு, இன்ன தரத்துக்கு வெள்ளை என்று வைத்திருக்கிறார்கள். பத்துப் பேரும் நன்றாகச் செய்தால் பத்துப் பேருக்கும் நீலம்.

பிறகு ஏலம். ஊர்ச் சிமெண்டு வியாபாரியும் பாங்கியும் மளிகைக்கடைக்காரரும் வந்து சந்தை விலைக்கு மேலேயே கொடுத்து வாங்குவார்கள். பிள்ளை காலேஜில் சேரப் பணம் சேரட்டும் என்று ஒரு நல்ல எண்ணம். ஏலம் முடிந்ததும் பிள்ளை தன் ஷோ கயிற்றைக் கழற்றிக் கொள்ளும். ஆடு லாரியில் ஏறும். அங்கேயும் கயிறுதான் மிச்சம்! கொட்டகையின் பின்புறம் போய்ப் பார்த்தால், ரிப்பனை மார்பில் குத்திக் கொண்டே விம்மி விம்மி அழும் பிள்ளைகளைப் பார்க்கலாமாம். அதை வளர்ப்பின் ஒரு பகுதி என்று பெரியவர்கள் எடுத்துக் கொள்கிறார்கள். உணவு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்து கொள்ளாமல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும் பிள்ளையைவிட, தெரிந்து அழுகிற பிள்ளை மேல் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பாதி சம்மதம். மறுபாதி ஏன் சம்மதமில்லை என்பதற்கு 2022-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

* * *

கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியில் ஷாஸ்தா என்று ஒரு மாவட்டம். அங்கே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஃபோர் ஹெச் திட்டத்தில் ஓர் ஆட்டுக்கிடாவை வளர்த்தாள். பெயர் சீடர், வெள்ளையும் பழுப்புமாக அழகான கிடா. ஜூன் மாதப் பொருட்காட்சிக்கு அதைக் கொண்டு போனார்கள். ஏல நேரம் நெருங்க நெருங்கக் குழந்தைக்கு மனசு கேட்கவில்லை. விற்க வேண்டாம் என்று கேட்டார்கள். பதிவு செய்தபின் விலக முடியாது என்றது பொருட்காட்சி நிர்வாகம். ஏலம் நடந்தது, மாநில மேலவை உறுப்பினர் ஒருவர் சார்பில் 902 டாலருக்கு எடுத்தார்கள். நம் பணத்தில் அப்போது எழுபதாயிரம் ரூபாய்க்குச் சமம். அன்றிரவு குழந்தை கிடாவைக் கட்டிக் கொண்டு விட மறுத்தது. தாயார் ஒரு முடிவுக்கு வந்தார். கிடாவை அங்கிருந்து கொண்டு போய், வெகு தூரத்தில் ஒரு பண்ணையில் பத்திரமாக விட்டுவிட்டு, நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்: நஷ்டம் எதுவானாலும் கட்டிவிடுகிறோம், கிடா உயிரோடு இருக்கட்டும் என்று. அந்த ஏலத்தில் பொருட்காட்சிக்குச் சேர வேண்டிய கமிஷன் 63 டாலர் 14 சென்ட். ஏலம் எடுத்த மேலவை உறுப்பினரும் மறுப்புச் சொல்லவில்லை.

நிர்வாகம் இளகவில்லை. விதிக்கு விலக்குக் கொடுத்தால் பிள்ளைகள் பொறுப்பைக் கற்றுக் கொள்ள மாட்டார்களாம்! போலீசுக்குப் புகார் போயிற்று. ஜூலையில் ஷெரீப்பின் ஆட்கள் போக வர எண்ணூறு கிலோமீட்டர் காரில் பிரயாணம் செய்து அந்தக் கிடாவைப் பிடித்து வந்தார்கள். சிவில் வழக்கு என்றால் கோர்ட்டில் தீர்ப்பு வரும் வரையில் ஆட்டைக் கட்டித் தீனி போட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. கிடா வெட்டப்பட்டுவிட்டது.

தாயார் வழக்குப் போட்டார். கிடா குழந்தையின் சொத்து. மைனர் செய்த ஒப்பந்தத்தை மைனர் ரத்துச் செய்து கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. நம் நாட்டிலும் பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 நவம்பரில் ஷாஸ்தா மாவட்டம் 3,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்து கொண்டது. ஏறக்குறைய இரண்டரைக் கோடி ரூபாய்! 63 டாலரில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

கறி சாப்பிடலாமா கூடாதா என்பது இந்த வழக்கில் கேள்வியே இல்லை. அந்தப் பொருட்காட்சியில் அன்று எத்தனையோ ஆடுகள் விற்றன. எத்தனையோ பிள்ளைகள் மனமொப்பி விற்றார்கள். ஒரு வருஷக் கணக்கில் 'என் ஆடு' என்று எழுதச் சொன்னவர்கள், கடைசிப் பக்கத்தில் மட்டும் 'எங்கள் ஆடு' என்று திருத்தினார்கள். அழுகையைவிட அதுதான் மோசம். திருவந்திபுரத்துத் திண்ணையில் நடப்பதும் அதுவேதான். போலீஸ் மட்டும் வருவதில்லை.

* * *

நம் தமிழ்நாட்டில் இப்படிச் சங்கங்கள் இருந்ததில்லையா என்றால், இருந்திருக்கின்றன. சேலத்தில் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச் செயலாளராக முதன்முதலில் அமர்ந்த இந்தியர். வாலிபர் சங்கத்தின் பார்வையைக் கிராமத்துப் பக்கம் திருப்பினார். அதன் பலனாக 1924-ல் மார்த்தாண்டத்தில் ஒரு கிராம நிர்மாணக் கேந்திரம் ஏற்பட்டது. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். இப்போது கன்னியாகுமரி மாவட்டம். ஸ்பென்சர் ஹாச் என்ற அமெரிக்கர் அதை நடத்தினார். தேனீ, நல்ல சாதிக் கோழி, முட்டை விற்பனைக்கு ஒரு கூட்டுறவு என்று ஒவ்வொன்றாக வளர்ந்தது. மார்த்தாண்டம் தேன் என்று இன்றும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் வேர் அங்கேதான். சுதந்திரத்துக்குப் பின் 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய நலத் திட்டம் துவங்கியபோது, கிராம சேவக்குகள் இளம் விவசாயிகள் சங்கங்களையும் கூட்டினார்கள். இந்திய வாலிபர்கள் ஃபோர் ஹெச் குடும்பங்களோடு தங்கிவர அமெரிக்காவுக்கும் போனார்கள். உற்சாகம் வெகு நாள் நிலைக்கவில்லை.

இன்று அதற்குக் கிட்டத்தில் வருவது, கால்நடைப் பராமரிப்புத் துறை கிராமங்களில் நடத்தும் முகாம்தான். தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் இலவசம். முடிவில் கன்றுப் பேரணி. நன்றாக வளர்ந்த கிடேரிக் கன்றுகளுக்குப் பரிசு கொடுப்பார்கள். கன்றைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கயிற்றைப் பிடித்து வருவது பல சமயம் வீட்டுப் பிள்ளைகள். பரிசு வாங்க மேடைக்குப் போவதும், பெயர் படிக்கப்படுவதும் வீட்டுப் பெரியவர்!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 2011-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகள் கொடுக்க ஆரம்பித்தபோது, குடும்பத்துக்கு நான்கு ஆடு வீதம் கொடுத்தார்கள். கொடுத்தது பெண்கள் பெயரில். அதுவரை 'வீட்டு ஆடு' என்று பொதுவில் நின்றது, காகிதத்திலாவது 'அவள் ஆடு' ஆயிற்று. சொந்தத்தில் ஒரு நகை இருப்பதற்கும் இரவல் நகை போட்டுக் கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

உங்களில் பலருக்கு ஊரில் இன்னும் ஓர் அத்தை வீடோ, பெரியப்பா வீடோ இருக்கும். கோடை விடுமுறைக்குப் போகும்போது அங்கே உள்ள பிள்ளைக்கு ஒரு பெட்டைக் குட்டி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். பட்டுப் பாவாடையைவிட அதிகம் ஆகாது. முதலில் போடும் பெட்டைக் குட்டியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடலாம். டான் வெஸ்ட் என்ற அமெரிக்கர் தொடங்கி, 1944-ல் முதல் பசுக்களைக் கப்பலேற்றிய 'ஹெய்ஃபர்' இயக்கம் உலகமெங்கும் இந்த ஒரு நிபந்தனையின் மேல்தான் நடந்து வருகிறது. கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்றும், தொங்கவிட்டு நிறுக்கும் வில் தராசு ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். கோணிப்பையில் குட்டியை உட்கார வைத்து மாதம் ஒரு தரம் நிறுத்து எழுதட்டும். "எட்டு கிலோ தேறும்" என்று வியாபாரி சொல்லும்போது, "இல்லீங்க, இருபத்தொரு கிலோ நிக்குது, பத்துக்குக் கிட்டத் தேறும்" என்று அந்தப் பெண் நோட்டைக் காட்டட்டும். விற்பதா, இன்னும் ஒரு போகம் வைத்துக் கொள்வதா என்று அவளையே கேளுங்கள். விற்க மாட்டேன் என்று சொன்னால் அதற்குரிய தீனிச் செலவையும் அவள்தான் எழுத வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

விற்ற பணத்துக்குத் தபாலாபீஸ் இருக்கிறது. பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம்; முதலில் கட்ட வேண்டியது 500 ரூபாய். கையெழுத்து மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழ வேண்டும். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலைந்து தரம் போட்டுப் பழகிக் கொள்ளச் சொல்லுங்கள்.